படத்தில் ஓர் ஆள், காமிக்ஸில் மூன்று பேர்: சூப்பர்ஹீரோ கதாபாத்திரத்தின் மூலத்தைத் தேடிப் பிடிக்கும் வழி

'தி டார்க் நைட் ரைசஸ்' (2012) பார்த்துவிட்டு, ஜான் பிளேக் என்ற அந்த இளம் போலீஸ்காரர் வரும் பேட்மேன் காமிக்ஸ் எது என்று தேடுகிறவர்கள் நிறையப் பேர். எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. பேட்மேனின் இளம் கூட்டாளி ராபினாக அடுத்தடுத்து வந்த டிக் கிரேசன், ஜேசன் டாட், டிம் டிரேக் என்ற மூன்று பேரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்துச் சேர்த்த ஆள் அவர். இது தெரியாமல் 'பேட்மேன்' என்று அட்டையில் போட்ட புத்தகத்தை எல்லாம் வாங்கினால் காசுதான் கரையும்.

சூப்பர்ஹீரோ படங்களில் இப்படிப் பலரை ஒருவராக்குவது சாதாரணம். இரண்டரை மணி நேரப் படத்தில் முப்பது வருடக் கதையில் வந்த எல்லோருக்கும் இடம் கிடையாது. ஒருவரின் பெயர், இன்னொருவரின் ஆயுதம், மூன்றாமவரின் குடும்பக் கதை என்று சேர்த்துவிடுகிறார்கள். அதைத் திரும்பப் பிரித்து, எந்த இதழ்களைப் படிக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் சொல்வதில் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டாலும் போதும்: முழுக் கதாபாத்திரத்தைத் தேடாதீர்கள், பிரித்துத் தேடுங்கள்.

1. பணம் கட்டும் முன் கையில் வேண்டியவை

முதலில் படம். நிறுத்தி நிறுத்திப் பார்க்க வசதியாக ஓடிடியில் இருந்தால் நல்லது. கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியல்தான் நமக்கு முதல் ஆவணம். மார்வெல் ஸ்டுடியோஸ் படங்களில் அந்தப் பட்டியலின் பின்பகுதியில் 'சிறப்பு நன்றி' என்று காமிக்ஸ் எழுத்தாளர்கள், ஓவியர்கள் பெயர்களைப் போடுவார்கள். எந்தக் காலத்துக் கதைகளிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று அந்தப் பெயர்களே காட்டிக்கொடுக்கும். ஓடிடி செயலிகள் பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் திரையைச் சுருக்கி அடுத்த படத்துக்குத் தாவப் பார்க்கும். உடனே தட்டி முழுத்திரைக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்து, கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ். தன்னார்வலர்கள் நடத்தும் இலவசத் தளம். எந்த இதழில் என்ன கதை, யார் எழுதியது, அதைப் பிறகு எந்தத் தொகுப்பில் மறுபடி அச்சிட்டார்கள் என்பதெல்லாம் அதில் கிடைக்கும்.

மூன்றாவது, ரசிகர்கள் நடத்தும் விக்கிகள். இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒரே பெயரில் பல பக்கங்கள் இருக்கும். மார்வெல் விக்கியில் பக்கத்தின் பெயரோடு ஓர் 'எர்த்' எண் ஒட்டியிருக்கும், அதைப் பாருங்கள். 616 என்றால் காமிக்ஸின் பிரதான உலகம். 1610 என்றால் மார்வெலின் தனிக் கதை உலகமான அல்டிமேட் காமிக்ஸ். 199999 என்றால் படங்களின் உலகம். பேட்மேனை வெளியிடும் டிசி நிறுவனத்தின் விக்கியில் 'நியூ எர்த்', 'பிரைம் எர்த்' என்று பெயர்களாக இருக்கும். 1980களின் நடுவிலிருந்து 2011 வரை வந்த கதைகளுக்கு 'நியூ எர்த்' பக்கத்தைத் திறக்க வேண்டும். எண்ணைப் பார்க்காமல் திறந்தால், நீங்கள் பார்த்த படத்தின் கதையையே காமிக்ஸ் கதை என்று நினைத்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

2. கதாபாத்திரத்தை ஐந்தாகப் பிரியுங்கள்

ஒரு தாளில் ஐந்து கேள்விகளை எழுதுங்கள். பெயர் என்ன? தோற்றமும் ஆயுதமும் என்ன? குடும்பம், பின்னணி என்ன? கதாநாயகனுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு? கதையில் இவர் செய்யும் வேலை என்ன? ஒவ்வொன்றுக்கும் படத்திலிருந்து மட்டும் பதில் எழுதுங்கள். இந்தக் கட்டத்தில் இணையத்தைத் தொடவே வேண்டாம்.

'அயர்ன் மேன் 2' (2010) படத்தின் இவான் வான்கோவை எடுத்துக்கொள்வோம். பெயர், ரஷ்யர் இவான் வான்கோ. ஆயுதம், மின்சாரம் பாயும் இரண்டு சாட்டைகள். பின்னணி, அப்பா ஆன்டன் வான்கோ ஒரு விஞ்ஞானி. மாஸ்கோவில் வறுமையில் சாகிறார், தொலைக்காட்சியில் டோனி ஸ்டார்க் 'நான்தான் அயர்ன் மேன்' என்று அறிவித்துக்கொண்டிருக்கிறார். தொடர்பு, அந்த அப்பா ஒரு காலத்தில் ஸ்டார்க்கின் அப்பாவோடு வேலை செய்தவர். வேலை, பழிவாங்குவது.

இப்போது தேடினால் இழை இரண்டாகப் பிரியும். சாட்டை, 'டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்' 97-ஆம் இதழில் (1968) வந்த விப்லாஷ் என்ற வில்லனிடமிருந்து வந்தது. அவர் பெயர் மார்க் ஸ்கார்லாட்டி, வான்கோ குடும்பத்துக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வான்கோ என்ற பெயரும் விஞ்ஞானி அப்பாவும் அதே தொடரின் 46-ஆம் இதழில் (1963) வந்த கிரிம்சன் டைனமோ என்ற வில்லனிடமிருந்து வந்தவை. அந்தக் கதையில் ஆன்டன் வான்கோ சோவியத் அரசின் ஆளாக ஸ்டார்க்கை அழிக்க வந்து, கடைசியில் மனம் மாறி ஸ்டார்க்கிடமே வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார். 52-ஆம் இதழில் இறந்தும்போகிறார். சோவியத் விஞ்ஞானியும் ஸ்டார்க் நிறுவனமும் சேர்ந்த அந்த உறவைப் படம் ஒரு தலைமுறை பின்னுக்குத் தள்ளி, மனக்கசப்பில் முடிந்ததாக மாற்றி, மகனிடம் பகையாகக் கொடுத்திருக்கிறது. இரண்டு இதழ்களையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது திரைக்கதை எழுதியவர்களின் கைவேலை அப்படியே தெரியும். இந்தச் சந்தோஷத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

3. ஒவ்வொரு பதிலுக்கும் தனித்தனியாக ஆளைத் தேடுங்கள்

வான்கோ எளிது, பெயரே வழி காட்டிவிட்டது. பிளேக் மாதிரி ஆட்களுக்குப் பெயர் உதவாது. படத்தின் கடைசியில், அவருடைய முழுப் பெயரில் 'ராபின்' இருக்கிறது என்று ஒரு பெண் சொல்வார், அவ்வளவுதான். மற்றதை எல்லாம் அவருடைய செயல்களிலிருந்துதான் பிடிக்க வேண்டும்.

பிளேக் ஒரு போலீஸ்காரர். காமிக்ஸில் போலீஸ் வேலை பார்த்த ராபின் யார்? டிக் கிரேசன். வளர்ந்து நைட்விங் என்ற தனி ஹீரோ ஆனபின் பிளட்ஹேவன் நகரப் போலீஸில் சேர்கிறார். பிளேக் ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தவர், உள்ளுக்குள் கோபம் உள்ளவர். அது ஜேசன் டாட். பிளேக் யாரும் சொல்லாமலே புரூஸ் வெய்ன்தான் பேட்மேன் என்று கண்டுபிடிக்கிறார். அது டிம் டிரேக். படத்தில் பிளேக், இல்லத்துக்கு வந்த புரூஸின் முகத்தில் இருந்த போலிச் சிரிப்பைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார், ஏனென்றால் அதே சிரிப்பைத் தானும் கண்ணாடி முன் பழகியவர். காமிக்ஸில் டிம் கண்டுபிடிப்பது வேறு மாதிரி. குழந்தையாக இருந்தபோது சர்க்கஸில் கிரேசன் குடும்பத்தின் சாகசத்தைப் பார்த்தவன். பிறகு ஒருநாள் ராபின் அந்தரத்தில் நான்கு குட்டிக்கரணம் அடிப்பதைக் காட்சிப் பதிவில் பார்க்கிறான். அதைச் செய்யக்கூடியவர்கள் மிகச் சிலரே. டிக்கை வளர்ப்பவர் புரூஸ். ராபின் டிக் என்றால் பேட்மேன் புரூஸ்தானே! கண்டுபிடிக்கும் வேலை டிம்முடையது, கண்டுபிடிக்கும் விதம் படத்தினுடையது. இந்த வித்தியாசத்தையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள்.

'முதல் தோற்றம்' என்று விக்கி சொல்லும் இதழை உடனே வாங்காதீர்கள். டிம் டிரேக்கின் முதல் தோற்றம் 'பேட்மேன்' 436-ஆம் இதழ் (1989). அதில் அவன் சர்க்கஸ் பார்க்க வந்த சின்னக் குழந்தையாக ஒரு பழைய நினைவுக் காட்சியில் மட்டும் வருகிறான். உங்களுக்கு வேண்டிய கதை 440-இலிருந்து 442 வரை, கூடவே 'தி நியூ டைட்டன்ஸ்' 60, 61. ஐந்து இதழும் 'எ லோன்லி பிளேஸ் ஆஃப் டையிங்' என்ற ஒரே தொகுப்பில் கிடைக்கும்.

அடுத்தது, ஒரே பெயருக்கு இரண்டு பிறப்புக் கதைகள். ஜேசன் டாட் 1983-இல், 'பேட்மேன்' 357-ஆம் இதழில் வரும்போது சர்க்கஸ் குடும்பத்துப் பையன், டிக்கின் நகல் மாதிரியே இருப்பான். 1987-இல் 408-ஆம் இதழில் கதையைத் திருத்தி எழுதினார்கள். அதில் அவன் தெருவில் தனியாக வாழ்ந்து, பேட்மேனின் காரிலேயே டயரைத் திருடும் பையன். பிளேக்குக்குப் பொருந்துவது இந்த இரண்டாவது ஜேசன். 357-ஐ வாங்கியவருக்கு பிளேக்கோடு ஒற்றுமை எதுவும் தென்படாது.

பெயரை நம்பக் கூடாது என்பது லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். அதில் வந்த ஸ்பைடர் பிரிட்டிஷ் காமிக்ஸ்காரர், ஸ்பைடர்மேனுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

4. இதழின் தேதியையும் படத்தின் தேதியையும் ஒப்பிடுங்கள்

காமிக்ஸிலிருந்து படத்துக்குப் போவது போலவே படத்திலிருந்து காமிக்ஸுக்கும் ஆட்கள் வருகிறார்கள். ஏஜென்ட் கோல்சன் 2008-இல் 'அயர்ன் மேன்' படத்துக்காகப் பிறந்தவர். பிரதான காமிக்ஸ் உலகத்துக்குள் அவர் நுழைந்தது 2012-இல்தான். அவர் வரும் காமிக்ஸை மூலம் என்று நினைத்தால் கதை தலைகீழாகிவிடும்.

படத்துக்கு முன்னால் வந்த இதழ் என்பதாலும் அது மூலம் ஆகிவிடாது. 'அயர்ன் மேன் வெர்சஸ் விப்லாஷ்' என்ற குறுந்தொடர் படம் வருவதற்கு முன்பே கடைக்கு வந்துவிட்டது. அதில் வரும் விப்லாஷின் பெயர் ஆன்டன் வான்கோ. பார்த்தவுடன் 'மூலம் கிடைத்துவிட்டது' என்று தோன்றும். ஆனால் படத்தின் வருகையை ஒட்டி வெளியிட்ட தொடர் அது. ஆகவே, படம் வெளியான தேதியிலிருந்து இரண்டு வருடம் பின்னால் போய் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதைத் தனியாக ஒதுக்கிவையுங்கள். படிக்கக் கூடாது என்றில்லை, மூலமாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அமெரிக்க காமிக்ஸில் அட்டையில் போடும் மாதம் கடைக்கு வந்த மாதம் அல்ல. பொதுவாக இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போடுவார்கள். எல்லைக் கோட்டை ஒட்டிய இதழ்களுக்கு இதையும் பாருங்கள்.

5. சேர்த்திருக்கிறார்களா, வேலையை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்களா?

இரண்டும் வேறு. வாங்க வேண்டிய பட்டியல் இதைப் பொறுத்து மாறும்.

'ஸ்பைடர்மேன்' (2002) படத்தில் கிரீன் காப்ளின் பாலத்தின் உச்சியில் வைத்து மிரட்டுவது மேரி ஜேனை. காமிக்ஸில், 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' 121-ஆம் இதழில் (1973), அந்த இடத்தில் இருந்தவள் ஸ்பைடர்மேனின் அப்போதைய காதலி குவென் ஸ்டேசி, அவள் பிழைக்கவில்லை. மேரி ஜேனின் பெயரும் குணமும் அப்படியே இருக்க, குவெனின் ஒரு காட்சி மட்டும் அவளுக்குப் போயிருக்கிறது. இதற்கு 121, 122 என்று இரண்டே இதழ் போதும், குவெனின் கதை முழுவதையும் துரத்த வேண்டியதில்லை.

1989-இன் 'பேட்மேன்' படமும் இதே வகை. புரூஸின் பெற்றோரைச் சுட்டவன் காமிக்ஸில் ஜோ சில் என்ற தெருக் கொள்ளையன். படம் அந்தக் குற்றத்தை எடுத்து ஜோக்கரின் தலையில் வைத்துவிட்டது. இதனால் வில்லனும் நாயகனும் ஒருவரை ஒருவர் உருவாக்கியவர்கள் ஆகிறார்கள். திரைக்கதைக்கு அது வசதி, ஆனால் காமிக்ஸில் ஜோ சில் ஒரு சாதாரணத் திருடனாக இருப்பதுதான் எனக்கு இன்றும் அதிக பயத்தைத் தருகிறது.

'ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்' (2017) படத்தின் நெட் வேறு வகை. நெட் லீட்ஸ் என்ற பெயர் காமிக்ஸில் வரும் டெய்லி பியூகிள் பத்திரிகை நிருபருடையது. உருவமும், லெகோ ஆசையும், ரகசியம் தெரிந்த நண்பன் என்ற இடமும் இன்னொரு ஸ்பைடர்மேனான மைல்ஸ் மொராலஸின் நண்பன் கான்கே லீயுடையவை. இப்படிப்பட்டவர்களுக்கு பெயர்க்காரரை விட்டுவிட்டு உடம்புக்காரரின் கதைக்குச் செலவழியுங்கள். கான்கே 2011-இல் தொடங்கிய அல்டிமேட் ஸ்பைடர்மேன் தொடரில் வருகிறான்.

6. வாங்கும் முன் எண்ணைச் சரிபாருங்கள்

'அயர்ன் மேன்' முதல் இதழ் எது என்று கேட்டால் 1968, 1996, 1998, 2005 என்று பல பதில்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் தொடரை நிறுத்தி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். 'அயர்ன் மேன் 3' படத்தின் ஆல்ட்ரிச் கில்லியனும் மாயா ஹேன்சனும் வரும் 'எக்ஸ்ட்ரீமிஸ்' கதை நான்காம் தொடரின் 1 முதல் 6 வரை. 'அயர்ன் மேன் 1-6' என்று மட்டும் எழுதிவைத்துக்கொண்டு போனால் 1968-இன் இதழ்கள் வந்து நிற்கும். அந்தக் கதையில் கில்லியன் தொடக்கத்திலேயே தன் உயிரை மாய்த்துக்கொள்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் 'நான்தான் மாண்டரின்' என்று முழங்கும் வில்லனைத் தேடிப் போகிறவர்கள் ஏமாறாமல் இருக்கட்டும்.

உறுதி செய்யும் ஆவணம் இதழுக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே முதல் பக்கத்தின் அடியிலோ அட்டையின் உட்புறத்திலோ மிகச் சிறிய எழுத்தில் தொடர் பெயர், தொகுதி எண், இதழ் எண், மாதம் எல்லாம் இருக்கும். தொகுப்பு நூல் என்றால், எந்தெந்த இதழ்களை உள்ளடக்கியது என்று பதிப்புரிமைப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். ஓர் இணையக் கடையில் அட்டைப் படம் ஒன்றைக் காட்டி, அதே தலைப்பில் வேறு தொகுதியை எனக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு தலைப்பை நான் நம்புவதே இல்லை. ஐஎஸ்பிஎன் எண்ணைப் பதிப்பாளர் தளத்தில் பார்த்து, கடைப் பக்கத்தில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டபிறகுதான் பணம் கட்டுகிறேன்.

7. செலவு

புதிய தனி இதழ் அமெரிக்காவில் 4 அல்லது 5 டாலர். ஆறு இதழ் கொண்ட தொகுப்பு 18 முதல் 25 டாலர் வரை. ஆம்னிபஸ் என்ற தலையணை அளவுத் தொகுப்பு 100 டாலருக்கு மேல். இந்தியாவில் கடைக்குக் கடை விலை மாறும். இருப்பில் உள்ள பிரதியா, ஆர்டர் வந்தபிறகு வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதா என்று கேளுங்கள். வரவழைப்பது என்றால் விலையும் ஏறும், வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

பழைய அசல் இதழ்கள் பக்கம் போகவே வேண்டாம். குவென் இறக்கும் 121-ஆம் இதழ் 1973-இல் 20 சென்ட். இன்று சேகரிப்பாளர்கள் அதற்கு நூற்றுக்கணக்கில் டாலர் கொடுக்கிறார்கள். நமக்கு வேண்டியது கதை. பழைய விளம்பரங்களோடு அப்படியே மறுஅச்சு செய்யும் 'ஃபேக்சிமிலி' பதிப்புகள் புதிய இதழின் விலையிலேயே வருகின்றன.

மார்வெல் கதைகளுக்கு மலிவான வழி 'மார்வெல் அன்லிமிடெட்' சந்தா, மாதம் சுமார் 10 டாலர். பட்டியலை முழுதாக முடித்த பிறகே சந்தா கட்டுங்கள். தேடிக்கொண்டே படித்தால் மாதம் தேடலிலேயே போய்விடும். நீங்கள் நிறுத்தாவிட்டால் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், கட்டிய அன்றே நிறுத்தும் தேதியைக் கைபேசியில் நினைவூட்டலாக வையுங்கள். புதிய இதழ்கள் கடைக்கு வந்து மூன்று மாதம் கழித்துத்தான் அதில் ஏறும். நாம் தேடுவது பழையவை என்பதால் இதனால் பெரிய நஷ்டமில்லை.

உரிமைச் சிக்கல் உள்ளவற்றுக்கு மட்டும் தனியாகத் திட்டமிடுங்கள். 'ஷாங்-சி' (2021) படத்தின் வென்வு இரண்டு பேரின் சேர்க்கை. பத்து வளையங்கள் அயர்ன் மேனின் எதிரி மாண்டரினுடையவை. காமிக்ஸில் விரலுக்கு ஒன்றாகப் போட்டிருப்பார், படத்தில் அவை கையில் வளையங்களாக ஏறிவிட்டன. ஷாங்-சியின் அப்பா என்ற இடம் ஃபூ மான்சூவுடையது. 1973-இல் அந்த நாவல் கதாபாத்திரத்தை உரிமம் வாங்கித்தான் மார்வெல் பயன்படுத்தியது. உரிமம் போனதும் அந்தப் பழைய தொடரை வெகுகாலம் மறுஅச்சு செய்ய முடியவில்லை. 2016-இல்தான் ஆம்னிபஸாக வரத் தொடங்கியது, மொத்தம் நான்கு தொகுதிகள். அவ்வளவு செலவழிக்க வேண்டியதில்லை. காமிக்ஸ் பிற்பாடு அந்த அப்பாவுக்கு செங் சூ என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2020-இல் ஜீன் லுவன் யாங் எழுதிய ஐந்து இதழ்த் தொடர் அந்தக் குடும்பத்தைப் புரிந்துகொள்ளப் போதும். நான்காவது படியில் சொன்ன இரண்டு வருடக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வருவதுதான், அதனால் குடும்பத்தை அறிமுகப்படுத்திக்கொள்ள மட்டும் படியுங்கள். மாண்டரினுக்கு 'டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்' 50 (1964).

8. நேரமும் வரிசையும்

ஒரு கதாபாத்திரத்தைப் பிரித்துப் பட்டியல் போட ஒரு முழு மாலை வேண்டும். சுமார் இருபது பக்கமுள்ள தனி இதழைப் படிக்க இருபது நிமிடம் போதும். 1960களின் இதழ்களில் வசனம் அடர்த்தியாக இருக்கும், அவற்றுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

வெளியான வருட வரிசையில் படிக்க வேண்டாம். கதையில் அவர் செய்யும் வேலை எங்கிருந்து வந்ததோ அதை முதலில் படியுங்கள், படத்தோடு ஒட்டும் இடம் அதில்தான் அதிகம். அடுத்து பின்னணி. தோற்றமும் பெயரும் கடைசி, நேரமில்லையென்றால் விட்டுவிடலாம். பிளேக்குக்கு டிம், ஜேசன், டிக் என்பதுதான் வரிசை. முதல் ராபின் டிக் என்பதற்காக 1940-இலிருந்து தொடங்கினால் பாதியில் கைவிட்டுவிடுவீர்கள்.

முதல் முயற்சிக்கு 'பேட்மேன் பிகின்ஸ்' (2005) எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டே பேர்தான், இருவரின் பெயரையும் படமே சொல்லிவிடுகிறது. புரூஸுக்குப் பயிற்சி கொடுக்கும் ஹென்றி டுகார்ட்தான் ரா'ஸ் அல் கூல் என்று படத்தில் தெரியவரும், காமிக்ஸில் இவர்கள் தனித்தனி ஆட்கள். டுகார்ட் வருவது 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 598 முதல் 600 வரை ஓடும் 'பிளைண்ட் ஜஸ்டிஸ்' கதையில் (1989). ரா'ஸ் முதலில் வருவது 'பேட்மேன்' 232-இல் (1971), 'டேல்ஸ் ஆஃப் தி டீமன்' தொகுப்பில் கிடைக்கும். டுகார்டை முதலில் படியுங்கள். மொத்தம் நான்கு இதழ். 598-உம் 600-உம் வழக்கத்தைவிடத் தடித்தவை, அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்.